போட்டிக்கு முன் சங்குக்காரரைக் கேளுங்கள்

கே: ஒலிம்பிக் அலைச்சறுக்குப் போட்டியை டஹிட்டி தீவில் நடத்தினார்களே, அதுபோல நம் தூத்துக்குடித் தீவுகளிலும் நீர் விளையாட்டுப் போட்டி நடத்தினால் ஊர் கொழிக்காதா?

ப: டஹிட்டியில் நடந்ததை முழுசாகக் கேளுங்கள். 2024 போட்டிக்காக, நடுவர்கள் உட்காரும் அலுமினியக் கோபுரத்தைக் கடலுக்குள் நிறுத்தப் போனார்கள். உள்ளூர் மீனவர்களும் அலைச்சறுக்கு வீரர்களும் சேர்ந்து எதிர்த்த பிறகு, 14 டன் கோபுரம் 9 டன்னாக இளைத்தது. அப்படியும் 2023 டிசம்பரில் சோதனைக்கு வந்த மிதவைப் படகு பவளப்பாறையை உடைத்தது!

நம் வான்தீவு, காசுவாரி, காரியாச்சல்லி எல்லாம் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. அனுமதியின்றிக் கால் வைக்கவே முடியாது. ஒருகாலத்தில் பவளத்தை வெட்டி எடுத்ததில் விலாங்குச்சல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. வான்தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. மிச்சமிருப்பது சங்குதான். மணலில் சங்கு ஊர்ந்து போன தடத்தைக் கண்ணால் பார்த்து, அதன் பின்னாலேயே போய் எடுக்கிறார் குளியாளி. கலங்கின குட்டையில் மீன் பிடிக்கலாம் ஐயா, கலங்கின கடலில் சங்கு எடுக்க முடியாது. போட்டிக்காக விசைப்படகுகள் பாய்ந்து கடலைக் கலக்கினால் அன்று அவர் வீட்டில் உலை ஏறாது.

விளையாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. முத்துநகர்க் கடற்கரைப் பக்கம் தாராளமாக நடத்துங்கள். ஆனால் தேதி குறிக்கும் முன் திரேஸ்புரம் போய், சங்கு குளிப்பவர்களைக் கேட்டுவிட்டுக் குறியுங்கள்.