பிளஸ் ஒன் படிக்காத பிளஸ் டூ

பிப்ரவரி மாதம் எங்கள் ஊரில் வாசல் பனியைத் தள்ளுவதும் பிள்ளைகளுக்கு அடுத்த வருடத்துப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே வாரத்தில் வந்து சேரும். இரண்டுமே இடுப்பை ஒடிக்கிற வேலை. எங்கள் ஊர் என்பது நியூ ஜெர்சி. ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, இதுல ஒரு கையெழுத்து வேணும்."

பள்ளிக்கூடத்துத் தாள் என்றால் வழக்கமாகப் பணம் கேட்கும். இது பொறுப்பைக் கேட்டது. பத்தாவதில் எல்லோரும் படிக்கிற சாதாரண கெமிஸ்ட்ரியைத் தாண்டி நேராக ஏபி கெமிஸ்ட்ரிக்குப் போக என் மகள் விரும்புகிறாள். பள்ளி அதைப் பரிந்துரைக்கவில்லை. பின்விளைவுகளைத் தெரிந்துகொண்டே பெற்றோர் சம்மதிக்கிறார். கீழே கோடு. ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் வாங்குகிற கையெழுத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான். அங்கே மயக்க மருந்து உண்டு.

ஏபி என்பது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். கல்லூரி முதல் வருடத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே நடத்திவிடுகிற ஏற்பாடு. காலேஜ் போர்டு என்கிற அமைப்பு 1950-களிலிருந்து இதை நடத்துகிறது. மே மாதம் பரீட்சை. மூன்றேகால் மணி நேரத்தில் 60 கொள்குறி வினா, ஏழு எழுத்து வினா. மதிப்பெண் 1-லிருந்து 5 வரை. 1200-க்கு எவ்வளவு என்று கேட்டே வளர்ந்த எனக்கு 'அஞ்சுக்கு அஞ்சு' என்றால் எல்.கே.ஜி. ஞாபகம்தான் வருகிறது. முதலில் ஒரு வருடம் பள்ளிக் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வாருங்கள் என்று காலேஜ் போர்டே சொல்கிறது. கடைக்காரரே 'இன்னும் பழுக்கலீங்க' என்று சொல்லும் மாம்பழம்.

மகளிடம் காரணங்கள் தயாராக இருந்தன. ஏபி எடுத்தால் ஜி.பி.ஏ.வில் கூடுதல் கனம். பதினொன்றாவதில் ஓர் இடம் காலியாகும். அங்கே ஏபி பயாலஜியை உட்கார வைக்கலாம். பேருந்தில் இடம் பிடிக்கத் துண்டு போடுவது நம் ரத்தத்திலேயே இருக்கிறது போலும்.

ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போனோம். பெருமாளிடம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. கேண்டீனில் தோசைக்கு நின்ற வரிசையில் கேட்காமலே வந்தது. "யோசிக்கவே யோசிக்காதீங்க தம்பி, ஸ்கிப் பண்ணச் சொல்லுங்க. என் பையன் மூணு சப்ஜெக்ட் ஸ்கிப் பண்ணினான்" என்றார் ஒரு பெரியவர். மகன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டேன். "லா படிக்கிறான்" என்றார், சாம்பாரைப் பார்த்துக்கொண்டே.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. ஏனென்றால் முதல் படியைத் தாண்டியவன் காரிலேயே இருந்தான். அவன்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

1994-ல் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தேன். அங்கே யாரும் என்னிடமோ என் அப்பாவிடமோ படிவம் நீட்டவில்லை. ஜூன் மாதம் பிளஸ் ஒன் புத்தகங்களைக் கொடுத்தார்கள். பழுப்புத்தாளில் அட்டை போட்டோம், லேபிள் ஒட்டினோம், பெயர் எழுதினோம், டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தோம். மறுநாள் காலை பிளஸ் டூ பாடம் ஆரம்பித்தது. பிளஸ் ஒன் மார்க்கை எந்தக் கல்லூரியும் பார்க்கப்போவதில்லை. பார்க்காத மார்க்குக்கு ஒரு வருடத்தை எதற்கு வீணாக்குவது? பள்ளி நிர்வாகத்தின் தத்துவம் இவ்வளவுதான். காலை நாலரைக்கு விடுதியில் விளக்குப் போடுவார்கள். பக்கத்துக் கோழிப்பண்ணையிலும் அதே நேரத்துக்குத்தான் விளக்கு எரியும். அவை முட்டை போட, நாங்கள் சென்டம் போட.

கெமிஸ்ட்ரி வகுப்பில் மூன்றாவது நாளே 'மோல்' என்ற சொல் வந்துவிட்டது. அடுத்த வரியிலும் வந்தது. நான் எழுந்து நின்றேன்.

"சார், மோல்னா என்ன சார்?"

"அது பிளஸ் ஒன் போர்ஷன்டா. பிளஸ் ஒன்ல படிச்சிருப்பியே."

"நாங்கதான் சார் பிளஸ் ஒன்."

சார் ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப உனக்கு எதுக்கு இப்ப அது? உக்காரு."

உட்கார்ந்தேன். எழுந்திருக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதற்காகப் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் படித்தோம். ரிவிஷன் டெஸ்டுக்கு மேல் ரிவிஷன் டெஸ்ட். பெர்மாங்கனேட் பட்ட விரல்கள் பழுப்பேறி, ஒரு வாரத்துக்குச் சோப்புக்கு மசியாது. சால்ட் அனாலிசிஸில் நைட்ரேட்டா என்று பார்க்க, சோதனைக்குழாயைச் சாய்த்துப் பிடித்து, கந்தக அமிலத்தை ஓரமாக மெல்ல வழியவிட வேண்டும். இரண்டு திரவங்களும் சந்திக்கிற இடத்தில் ஒரு பழுப்பு வளையம் தோன்றும். கை நடுங்கினால் கலைந்துவிடும். அந்த வளையம் என் கனவில் இன்னும் வருகிறது. ஏன் வருகிறது என்பது கனவிலும் தெரியாது, குழாயிலும் தெரியாது.

200-க்கு 196 வாங்கினேன். ஊரில் ஃபிளெக்ஸ் இல்லாத காலம், அதனால் முகம் தப்பித்தது. என்னைப் போன்ற பொற்கோபுரங்கள் அஸ்திவாரம் இல்லாமல் பெருகிக்கொண்டே போனதால்தான் 2018 மார்ச்சிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். டிரங்குப் பெட்டிகள் மறுபடி திறக்குமோ என்னவோ.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா கெமிஸ்ட்ரியில் 98 சதவீதம் என்பது மட்டும் தெரியும். போன அக்டோபர் 23-ல் அவள் பள்ளியில் 'மோல் டே' கொண்டாடினார்கள். அவகாட்ரோ எண்ணில் பத்தின் அடுக்கு 23 வருவதால் இந்தத் தேதியாம். மச்சத்துக்கெல்லாமா ஒரு நாள் என்று கேட்டேன். ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

கோயிலுக்குப் போய் வந்த அன்று இரவு அவள் ஏபி வகுப்பின் கோடை விடுமுறைப் பாடத்தைக் காட்டினாள். அயனிகளின் பட்டியல், மனப்பாடம் செய்ய வேண்டும். நைட்ரேட், நைட்ரைட், சல்ஃபேட், சல்ஃபைட் எல்லாவற்றையும் மின்சுமையோடு மூச்சு விடாமல் ஒப்பித்தேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். பதினெட்டு வருடத் திருமண வாழ்க்கையில் என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"சூப்பர்ப்பா! அப்ப எனக்கு நீங்களே சொல்லிக்கொடுத்துடலாம். 36 கிராம் தண்ணில எத்தனை மோல்?"

"ஒரு பொருளின் மூலக்கூறு எடையைக் கிராமில் எடுத்துக்கொண்டால்..."

"டெஃபினிஷன் வேண்டாம்ப்பா. எத்தனை?"

குளிர்சாதனப் பெட்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. "ஏங்க, கால்குலேட்டர் வேணுமா?" என்றாள் மனைவி. அந்த அக்கறையைத்தான் தாங்க முடியவில்லை.

மகள் எழுந்துபோய் இருமல் மருந்தோடு வரும் குட்டிக் குவளையை எடுத்துவந்தாள். 15 மில்லி கோட்டுக்குச் சற்று மேலே வரை தண்ணீர் பிடித்தாள். "இது 18 கிராம்பா. ஒரு மோல்." எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். மறுபடி பிடித்தாள். "இது இன்னொண்ணு." ஊற்றினாள். டம்ளரின் அடி நனைந்தது, அவ்வளவுதான். இதைப் போன வாரம் ஒரு வீடியோவில் பார்த்தாளாம்.

பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளி, ஏற்கெனவே அதே ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கிற பார்வை.

"நான் சாதாரண கெமிஸ்ட்ரியே எடுத்துக்கறேன்பா" என்றாள். தாளை மடித்து ரசப் பாத்திரத்துக்கு அடியில் செருகினாள்.

டம்ளரில் இருந்த இரண்டு மோலையும் நான் குடித்துவிட்டுப் படுக்கப் போனேன். எனக்கு வயது 47.