ஏரி வெட்டிய வள்ளல்கள்

காட்டை அழித்து நாடாக்கினான், குளம் வெட்டினான் என்று கரிகாலனைப் பட்டினப்பாலை புகழ்ந்து வைத்திருக்கிறது. அதே திருப்பணியைக் கோல லங்காட் மாவட்டத்தில் செய்துவரும் வீடமைப்பு மேம்பாட்டாளர்களைப் பாடத்தான் ஆளில்லை. விற்பனைச் சிற்றேடு எழுதுகிறவர் பாடுகிறார். அவர் சம்பளத்துக்குப் பாடுகிறார். ஜெஞ்சாரோம்காரன் நான் இலவசமாகவே பாடிவிடுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே தெலுக் பங்ளிமா காராங், கோத்தா கெமுனிங் பக்கம் ஒரு சுற்று வந்து பாருங்கள். செம்பனை நின்ற இடத்தில் ஏரி. ஏரியைச் சுற்றி நடைபாதை, நடைபாதையைச் சுற்றி வீடுகள், வீடுகளைச் சுற்றி வேலி. தண்ணீரைப் பார்த்தபடி வாழலாம், எங்கும் நடந்தே போகலாம், பெருநகரமோ முப்பது நிமிடத்தில். எந்த மணிக்குப் புறப்பட்டால் முப்பது நிமிடம் என்று சிற்றேடு சொல்வதில்லை. வாங்குகிறவரின் கற்பனைக்கும் கொஞ்சம் இடம் விடுவதுதானே நல்ல எழுத்து?

ஏரியைப் பற்றிச் சில பொறாமைக்காரர்கள் ஒன்று சொல்வார்கள். புதிதாகக் கட்டும் இடத்திலிருந்து, கட்டுவதற்கு முன் ஓடியதைவிட அதிக வேகத்தில் மழைநீர் வெளியேறக் கூடாது; அதைப் பிடித்து நிறுத்தி மெதுவாக விடவேண்டும் என்று சொல்லும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் கையேடு 2001 முதல் நடப்பில் இருக்கிறது. எனவே இந்த ஏரிகளில் பல, வெட்டியே ஆகவேண்டிய வெள்ளத் தேக்கக் குட்டைகள்தாம் என்பார்கள். இருக்கட்டுமே! கலை தெரியாதவன் கம்பிவேலி போட்டு, ‘அபாயம், ஆழம் அதிகம்’ என்று பலகை நட்டுவிட்டுப் போயிருப்பான். நம் வள்ளல் கரையில் பூச்செடி வைத்தார், ஒரு மரப்பாலம் போட்டார், ஏரி பார்த்த வீட்டுக்குத் தனி விலை வைத்தார். விதிக்குக் கட்டுப்பட்டதற்கே விலை வாங்கத் தெரிந்தவரை வேறெங்கே காண்போம்?

ஏரி பார்த்த வீடு வாங்க வசதியில்லாதவர்களையும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு கைவிட்டதில்லை. கோத்தா கெமுனிங்கை அடுத்த தாமான் ஸ்ரீ மூடாவுக்கு 2021 டிசம்பரில், ஒரு வார இறுதியில், ஏரியே வீடு தேடி வந்தது. கூரை மேல் ஏறி நின்று பார்க்கும்படியான காட்சி. முன்பணம்கூட யாரும் கேட்கவில்லை.

அடுத்து, நடை. இதைத் தமிழனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் இந்த மேம்பாட்டாளர்களே. தோட்டத்தில் நம் பாட்டன்மார் நடந்தது ஒரு நடையா? லயத்திலிருந்து பெரட்டுக்கு, பெரட்டிலிருந்து கித்தா நிரைக்கு; பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கு, கிழவிகள் மாரியம்மன் கோயிலுக்கு, கிழவர்கள் கள்ளுக்கடைக்கு. எல்லாமே கூப்பிடு தூரம். நடந்தே வாழலாம், வெளியே போக வேண்டிய தேவையே வராது என்று துரைமார் எவ்வளவு யோசித்துத் திட்டமிட்டிருக்கிறார்கள்! ஆனாலும் அது ஏதோ ஓரிடத்துக்குப் போய்ச் சேருகிற நடை. அதில் என்ன நாகரிகம்? இப்போது பேரன் ஏரியைச் சுற்றி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறான். முப்பத்தைந்து வருடக் கடன் கட்டி வாங்கிய நடை. கைக்கடிகாரம் அடிகளை எண்ணிப் பாராட்டுகிறது. பிறகு ரொட்டி சானாய் சாப்பிடக் காடியை எடுக்கிறான்.

எடுக்கத்தான் வேண்டும். வேலியைத் தாண்டினால் கிள்ளானையும் பந்திங்கையும் இணைக்கும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலை. அதில் லோரிகளுக்குத்தான் நடமாட்டச் சுதந்திரம். பிள்ளையைப் பள்ளியில் விட ஒரு காடி, வேலைக்குப் போக ஒரு காடி. இரண்டு காடி இல்லாத குடும்பம் நடந்து வாழும் நகரில் வாழ முடியாது. ரயிலா? பண்டார் உத்தாமாவில் புறப்படும் எல்ஆர்டி மூன்றாம் தடம் வரைபடத்திலேயே ஜொஹான் செத்தியாவோடு நின்றுவிடுகிறது. 2020இல் ஓடும் என்று சொன்னார்கள், பிறகு ஆண்டை நகர்த்திக்கொண்டே போனார்கள். நடக்கும் பழக்கம் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையாக இருக்கும்.

காற்றோட்டத்தைப் பாடாமல் விட்டால் பாவம் சேரும். 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவைச் சாத்தியது. பணக்கார நாடுகள் தவித்து நின்றபோது அடைக்கலம் கொடுத்தது எங்கள் மாவட்டம். செம்பனைக் காட்டுக்குள் உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. கோல லங்காட்டில் மட்டும் 33 என்று கணக்கு வந்தது. ஜெஞ்சாரோமில் கேட்பாரற்றுக் கிடந்த குப்பை 17,000 டன் என்று பிபிசி சொன்னது. கடவுச்சீட்டு இல்லாமலே அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் நாங்கள் முகர்ந்தோம். விற்க முடியாததை ராத்திரியில்தான் எரித்தார்கள். பகலில் எரித்தால் புகை கண்ணுக்குத் தெரிந்து ஜனங்கள் மனம் புண்படும் அல்லவா, அந்தப் பண்பு! ஊர்க்காரர்கள் சிலர் நன்றி கெட்டு, ஆலைகளைத் தேடிப்பிடித்துப் புகார் கொடுத்தார்கள். அப்போதைய அமைச்சர் இயோ பீ யின் கொள்கலன்களை வந்த வழியே திருப்பி அனுப்பினார். 2020 ஜனவரிக்குள் 150 போய்விட்டன. விருந்தினரை இப்படி நடத்தலாமா?

நல்லவேளை, வறட்சி மாதங்களில் ஜொஹான் செத்தியாவின் கரிச்சதுப்பு மண் பற்றிக்கொண்டு அந்தப் புகைக் குறையைத் தீர்க்கிறது. ஏரிக்கரையில் நடக்கிறவரின் நுரையீரலும் பட்டணத்துக்காரனின் நுரையீரலும் அன்று ஒன்று. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் சித்தப்பா காவல் சாவடியில் அடையாள அட்டையைக் கொடுத்து, வீட்டு எண் சொல்லி, ‘அவர் எங்க சித்தப்பாதான்’ என்று உள்ளேயிருந்து யாராவது தொலைபேசியில் சொல்லும்வரை வெயிலில் நிற்கிறார். புகையை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பாதுகாப்புக் கட்டணம் மாதாமாதம் சரியாகப் போய்ச்சேருகிறது.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. வட கோல லங்காட் காட்டு ஒதுக்கத்தில் 536.7 ஹெக்டேரைக் கலப்பு மேம்பாட்டுக்காக விடுவித்தாயிற்று என்ற செய்தி 2021 ஆகஸ்ட் கடைசியில் வந்தது. அது கரிச்சதுப்புக் காடு. ஏரி வெட்டும் செலவே கிடையாது. தண்ணீர் தானாகவே நிற்கிறது. நடைபாதையும் தயார், தெமுவான் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டைக் கட்டி விலையை எழுதுவது ஒன்றுதான் பாக்கி. அதற்குள் எதிர்ப்புக் கிளம்பி, செப்டம்பரிலேயே மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ்வளவு தண்ணீரும் சதுர அடி விலை இல்லாமல் சும்மா கிடக்கிறது.