மாமாவைக் கேளுங்க!

பேகம்பூர் வாசகர்: வாதத்தைப் படமாக வரையலாமாமே, எப்படி மாமா?
முடிவை உச்சியில் எழுதி வட்டம் போடுங்க. ‘ஏன்?’ என்று கேட்டு, கிடைக்கிற காரணத்தைக் கீழே எழுதி, அதற்கும் வட்டம் போட்டு, அம்பை மேலே விடுங்க. அம்பே இல்லாமல் வட்டம் மட்டும் நின்றால் அது வாதமில்லை, மேடைப்பேச்சு.

வேடசந்தூர் வாசகர்: இது வெள்ளைக்காரன் சரக்குதானே?
கோடு அவனுடையது. விக்மோர் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1913-லேயே சாட்சியங்களைக் கோடு போட்டு இணைத்தார். சரக்கு இங்கேயும் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் என்ற துறவி பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று வாதத்தை அக்கக்காகக் கழற்றுகிறார். அதை எழுதிய சாத்தனாரிடம் ஸ்கெட்ச் பேனா இல்லை, அவ்வளவுதான்.

நத்தம் வாசகர்: நம்ம பக்கத்து உதாரணம் ஒன்று?
சிறுமலையில் நெருப்பு: இது பக்கம். புகை தெரிகிறதே: இது ஏது. அடுப்படி போல: இது திட்டாந்தம். மார்கழிக் காலையில் இதை நம்பித் தீயணைப்புக்குப் போன் போட்டுவிடாதீங்க, அது பனி! புகையா பனியா என்று தெரியாமலே காட்டும் காரணத்துக்கு மணிமேகலை வைத்த பெயர் சித்தாசித்தம். தீயணைப்புக்காரர் வைக்கும் பெயர் அச்சில் ஏறாது.

சின்னாளபட்டி வாசகர்: 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் மாயத்தேவர் இரட்டை இலையில் ஜெயித்தாரே, ராசியான சின்னம்தானே?
1996-ல் பர்கூரில் ஜெயலலிதா தோற்றதும் அதே இலையில்தான். ராசிக்கு அன்றைக்கு லீவு போலிருக்கு.

ஒட்டன்சத்திரம் வாசகர்: கடையில் கூட்டம், அதனால் பிரியாணி ருசி. சரியா?
நடுவில் ஒரு வட்டத்தை முழுங்கிட்டீங்க: ‘கூட்டம் இருக்கிற இடத்தில் ருசி இருக்கும்.’ அதையும் எழுதிப் பாருங்க. அந்தக் கணக்குப்படி ஒண்ணாந்தேதி பேங்க்கும் ருசியாகத்தான் இருக்கணும்.

பழனி வாசகர்: பத்துக் காரணம் சொன்னால் பலம்தானே?
தனித்தனியாகத் தாங்கினால் பலம். ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கும். சேர்ந்தே தாங்குகிற காரணங்கள் பூட்டும் சாவியும் மாதிரி. சாவியைத் தொலைத்துவிட்டு, ‘எங்க திண்டுக்கல் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதாக்கும்’ என்றால் கதவு திறக்குமா?

நிலக்கோட்டை வாசகர்: எதிராளி திருட்டுப் பயல். அவன் வாதத்தை எதுக்கு ஆராயணும்?
எந்தப் பூட்டு நல்ல பூட்டு என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

திண்டுக்கல் வாசகர்: இப்படி வரைந்தால் சண்டையில் ஜெயிக்கலாமா?
பாதி நேரம் எதிராளி சொல்வதுதான் சரி என்று படத்திலேயே தெரிந்துவிடும். அதனால்தான் ஒருத்தரும் வரைவதில்லை.