மண்டபம் முதலில், மாப்பிள்ளை அப்புறம்

ஹாக்கி என்றதும் தயான்சந்தை நினைத்துக்கொள்பவர்கள், அவரைக் கொஞ்ச நேரம் ஓரமாக உட்காரவைத்துவிட்டு வரவும். இங்கே பேச்சு அமெரிக்கக் கல்லூரிகளின் ஐஸ் ஹாக்கி பற்றி. காலில் கத்தி கட்டிக்கொண்டு, உறைந்த தண்ணீரின் மேல் சறுக்கியபடி, ஒரு கறுப்பு ரப்பர் வட்டுக்காக ஆளுக்கு ஆள் சுவரோடு வைத்து நசுக்கும் ஆட்டம். அதற்குக் குளிரும் வேண்டும், முரட்டுப் பையன்களும் வேண்டும். இரண்டுமே பாஸ்டன் பக்கத்திலும் மிச்சிகன், மின்னசோட்டா பக்கத்திலும் கொட்டிக் கிடந்தன. ஆகவே 1948-ல் முதல் தேசியப் போட்டியை எங்கே நடத்துவது என்று கேள்வி வந்தபோது, அந்த ஊர்கள் எதையும் சீந்தாமல், ராக்கி மலையடிவாரத்தில் ஆறாயிரம் அடி உயரத்தில் இருந்த ஒரு சொகுசு ஹோட்டலுக்குப் போனார்கள். ஹோட்டல்காரர் செலவை ஏற்றுக்கொண்டதைத் தவிர வேறு தத்துவம் எதையும் இதில் தேட வேண்டியதில்லை.

ஆரம்பித்துவைத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கோச் விக் ஹெய்லிகர். கூடைப்பந்துக்காரர்களுக்கு 1939-லேயே தேசியப் போட்டி வந்துவிட்டது. ஐஸ் ஹாக்கிக்குக் கிடையாது. கிழக்கே ஜெயித்தவன் தானே சாம்பியன் என்பான். மேற்கே ஜெயித்தவன் தன்னை விட்டால் ஆளில்லை என்பான். இருவரும் நேரில் மோதாதவரை இரண்டுமே உண்மைதான். ஹெய்லிகருக்கு இது பொறுக்காமல் மற்ற கோச்களுக்குக் கடிதம் போட்டார். போட்டி நடத்தலாமா என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பணம் யார் போடுவது என்று கேட்டால்தான் எல்லாருக்கும் வாசலில் யாரோ கூப்பிடுவது கேட்கும்.

அந்த நேரத்தில் கை தூக்கியவர், கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்து பிராட்மூர் ஹோட்டலின் தேயர் டட். ஹோட்டலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிரிப்பிள் க்ரீக் தங்கத்திலும் யூட்டா செம்பிலும் சம்பாதித்த ஸ்பென்சர் பென்ரோஸ் 1918-ல் திறந்த இடம் அது. பென்ரோஸுக்கு விளம்பரம் என்றால் உயிர். நாக்பூர் ராஜா அன்பளிப்பாக அனுப்பியது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு ஒரு யானையைக் கொண்டுவந்து, கோல்ஃப் மைதானத்தில் நிறுத்திப் படம் பிடிக்கவைத்த ஆள். அவர் கட்டிய குதிரையேற்ற அரங்கம் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. 1938-ல் குதிரைகளை வெளியேற்றிவிட்டு உள்ளே ஐஸ் போட்டார்கள். பெயரும் ‘ஐஸ் அரண்மனை’ ஆயிற்று. மறுவருடம் பென்ரோஸ் காலமானார். ஹோட்டல் அவருடைய பழைய தொழில் பங்காளியின் குடும்பத்துக்கு வந்தது. தேயர் டட் அந்தப் பங்காளியின் பேரன்.

ஹெய்லிகரும் டட்டும் பேசிக்கொண்டதை யாரும் குறித்துவைக்கவில்லை. ஆகவே என் கற்பனைக்கு உரிமை உண்டு.

“வாங்க கோச் சார், உக்காருங்க. எத்தனை டீம்?”

“நாலுதாங்க. கிழக்கே ரெண்டு, மேற்கே ரெண்டு.”

“ரூம், சாப்பாடு, போக வர செலவு எல்லாம் நம்ம பொறுப்பு.”

“ஐஸ்?”

“ஐஸும் நம்மளுதுதான். மார்ச் மாசத்துல இங்க ஈ ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்.”

“யாருக்கும் சொந்த ஊரா இருக்கக் கூடாதுங்களே?”

“மேப்பைப் பாருங்க சார். இதைவிட நடு எங்க இருக்கு?”

மேப்பில் பார்த்தால் நடுதான். பாஸ்டனிலிருந்து 1,700 மைலுக்கு மேல். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல். எல்லாருக்கும் சிரமம் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு டீமுக்கு மட்டும் சிரமமே இல்லை. அதே நகரத்தில் இருந்த கொலராடோ காலேஜ், அதே ஐஸ் அரண்மனையைத்தான் வருடம் முழுக்கத் தன் சொந்த ஆடுகளமாக வைத்திருந்தது. நடுநிலை மைதானம் என்ற ஏற்பாட்டில் இப்படி ஒரு டீம் மட்டும் ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் வசதியோடு இருந்தது. முதல் வருடம் வந்த நான்கு டீம்களில் அதுவும் ஒன்று என்று சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

ஆச்சரியம் ஆட்டத்தில்தான். அரையிறுதியில் கொலராடோ காலேஜை டார்ட்மத் 8-4 என்று உதைத்து அனுப்பியது. இறுதியில் டார்ட்மத்தை மிச்சிகன் அதே 8-4 கணக்கில் உதைத்தது. பந்தி போட்டவருக்கு ஒரு வாய் கிடைக்காமல், யோசனை சொன்னவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஏற்பாடு அடுத்தடுத்து பத்து வருடம் நீடித்தது. 1948 முதல் 1957 வரை போட்டி பிராட்மூரை விட்டு நகரவில்லை. பத்தில் ஆறு கோப்பையை ஹெய்லிகரின் மிச்சிகன் அள்ளியது: 1948, 51, 52, 53, 55, 56. இதில் 1952-லும் 1955-லும் இறுதியில் தோற்றது யார் தெரியுமா? வீட்டுக்காரக் கொலராடோ காலேஜ். வருடா வருடம் ஹோட்டல்காரர் செலவில் வந்து, ஹோட்டல் சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஹோட்டல் ஊர்ப் பையன்களையே தோற்கடித்துவிட்டுப் போவதற்கு ஒரு மனத்திடம் வேண்டும். ஹெய்லிகரிடம் அது இருந்தது. ஒருவேளை ஊரும் பிடித்துப்போயிற்றோ என்னவோ, பின்னாளில் அதே கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்து விமானப்படை அகாடமிக்குக் கோச்சாக இருந்தார்.

கொலராடோ காலேஜுக்கும் நல்ல நாள் வந்தது, இரண்டு முறை. 1950-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 13-4 என்றும், 1957-ல் மிச்சிகனையே 13-6 என்றும் அடித்தது. ஐஸ் ஹாக்கியில் ஒரு டீம் பதின்மூன்று கோல் போட்டால், எதிர் கோல்கீப்பர் அன்று லீவு என்று பொருள். ஏழு வருடம் தலைகுனிந்து நின்ற பழியை 1957-ல் தீர்த்துக்கொண்ட கையோடு, போட்டியை ஊரிலிருந்தே பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு கொலராடோ காலேஜ் ஒருமுறைகூட தேசியக் கோப்பையை வென்றதில்லை.

ஏன் பெயர்த்தார்கள்? ஒரே ஊரில் நடப்பது நியாயமில்லை, கிழக்கும் மேற்கும் மாறி மாறி நடத்தட்டும் என்ற எண்ணம். கிழக்கத்திக்காரர்களுக்கு அந்த உயரத்துக் காற்றில் மூச்சு வாங்குகிறது என்று ஒரு சாக்கு சொல்லலாம். ஆனால் 1949-ல் அதே காற்றில் இறுதி ஆட்டம் ஆடிய இரண்டு டீமும் கிழக்குதான். பாஸ்டன் காலேஜ் டார்ட்மத்தை 4-3 என்று வென்றது. 1954-ல் நியூயார்க் மாநிலத்து ஆர்.பி.ஐ. பொறியியல் கல்லூரி மின்னசோட்டாவைக் கூடுதல் நேரத்தில் 5-4 என்று வென்றது. நன்றாக ஆடுகிறவனுக்கு எங்கேயும் மூச்சு வரும்.

1958-ல் போட்டி மினியாபொலிஸுக்குப் போயிற்று. கொலராடோவின் பிடியிலிருந்து ஹாக்கியை விடுவித்தாயிற்று என்று யாராவது நிம்மதியாக உட்கார்ந்திருந்தால், கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன டீமின் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றிருப்பார்: டென்வர். கொலராடோவின் தலைநகரம், பிராட்மூர் வாசலிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. போட்டியைக் கொலராடோவிலிருந்து வெளியே எடுத்ததும், கோப்பை கொலராடோவுக்கு உள்ளே வந்துவிட்டது.

சரி, கிழக்கே கொண்டுபோவோம் என்று 1959-ல் ஆர்.பி.ஐ. இருக்கும் டிராய் நகருக்குப் போனார்கள். வட டகோட்டா வென்றது. இன்னும் கிழக்கே போவோம் என்று 1960-ல் பாஸ்டன் கார்டனுக்கே போனார்கள். மறுபடி டென்வர். மேற்கின் முறை வந்து 1961-ல் டென்வரின் சொந்த அரங்கிலேயே நடத்த, டென்வர் செயின்ட் லாரன்ஸை 12-2 என்று துவைத்துக் காயப்போட்டது. ஆக 1955 தொடங்கி 1966 வரை, ஊர் எங்கே மாறினாலும், பன்னிரண்டு வருடம் தொடர்ந்து மேற்கத்திய டீம்களுக்கே கோப்பை. மேற்கத்திய டீம்களில், முக்கியமாக டென்வரில், கனடாப் பையன்களை மூட்டை மூட்டையாக இறக்கியிருந்தார்கள் என்பதுதான் சங்கதி. அதைப் பற்றி அந்தக் காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. போட்டியை நடத்திய குழு என்னவோ மைதானத்தை மாற்றிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு வருட வறட்சிக்கு முன்னால் கடைசியாக வென்ற கிழக்கத்தி டீம் 1954-ன் ஆர்.பி.ஐ. வறட்சியை முடித்துவைத்தது 1967-ல் சிரக்யூஸில் வென்ற கார்னெல். இரண்டுக்கும் கோச் ஒரே ஆள்: நெட் ஹார்க்னஸ். அவ்வளவு வருடம் ஊர் ஊராக அலைந்ததற்குப் பதில், அந்த மனிதரை எல்லாக் கிழக்குக் கல்லூரிகளுக்கும் முறை வைத்து அனுப்பியிருக்கலாம். அவர் 1970-ல் லேக் பிளாசிட் என்ற சிற்றூரில், 1932 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கில், கார்னெலுக்கு இன்னொரு கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பருவம் முழுக்க 29 ஆட்டம், 29 வெற்றி, தோல்வி கிடையாது, சமனும் கிடையாது. ஊர் வசதியா, ஆடுகளம் வசதியா என்ற கேள்வியே அந்த வருடம் எடுபடவில்லை.

சொந்த ஊரில் நடத்தினால் சொந்த டீமுக்கு லாபம் என்ற பயமும் பெரும்பாலும் வீண். 1963-ல் பாஸ்டன் காலேஜின் சொந்த அரங்கிலேயே நடந்தது. பாஸ்டன் காலேஜ் இறுதிக்கே வரவில்லை. 1964-ல் டென்வர் தன் வீட்டிலேயே மிச்சிகனிடம் 6-3 என்று தோற்றது. 1969-ல் ஒருமுறை பழைய பாசத்தில் பிராட்மூருக்கே திரும்பி வந்தார்கள். கொலராடோ காலேஜுக்கு அங்கே வேலை இல்லை, ஜெயித்தது டென்வர்.

இதற்கிடையில் தேயர் டட்டுக்குக் கல்லூரிப் போட்டியெல்லாம் சின்ன விஷயமாகிவிட்டது. 1962-ல் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியையே கொலராடோவுக்கு வரவழைத்தார். பெர்லின் சுவர் எழும்பிய மறுவருடம். கிழக்கு ஜெர்மனி டீமுக்கு விசா மறுக்கப்பட, சோவியத் யூனியனும் செக்கோஸ்லோவாக்கியாவும் நாங்களும் வரவில்லை என்றுவிட்டன. இருக்கிறவர்களை வைத்து நடத்தி, ஸ்வீடன் வென்றது. இவ்வளவுக்கும் பிறகு டட் 1966 முதல் 1969 வரை சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்துக்கே தலைவராக இருந்தார். காலியாக இருக்கும் ரூமை நிரப்பத் தெரிந்தவருக்கு உலக விளையாட்டு நிர்வாகம் தானாக வரும் போலிருக்கிறது. ஐஸ் அரண்மனையை 1994-ல் இடித்துவிட்டார்கள்.

பிறகு காலம் மாறியது; டீம்கள் பன்னிரண்டாகி, 2003-ல் பதினாறாயின. கடைசி நான்கு பேர் மோதும் வாரத்துக்கு ஏகப்பட்ட மவுசு. நகரங்கள் ஏலத்தில் நிற்பதுபோல விண்ணப்பம் போட ஆரம்பித்தன. பெரிய அரங்கம் இருக்கிறதா, எத்தனை ரூம், விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று பார்த்துப் பல வருடம் முன்பே ஊரை முடிவு செய்துவிடுவார்கள். அங்கே ஆடப்போகும் நான்கு டீம் எவை என்பது முதல் நாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோதுதான் தெரியும். நம் ஊரில் ஒரு மண்டபத்தை முதலில் பிடித்துவிட்டு, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, அப்புறம் மாப்பிள்ளையும் பெண்ணும் தேடினால் எப்படி இருக்கும்? பெண் பக்கத்துத் தெருவிலும், மாப்பிள்ளை அதற்கடுத்த தெருவிலும் அமைந்து, மண்டபம் மட்டும் காசியில் இருக்கும்.

1999-ல் அப்படியே நடந்தது. ஊர் கலிபோர்னியாவின் அனாஹைம். டிஸ்னிலாண்ட் இருக்கும் இடம். அங்கே ஐஸைப் பார்க்க வேண்டுமானால் குளிர்பானத்தில்தான் பார்க்க வேண்டும். வந்து சேர்ந்த நான்கில் மூன்று டீம் அமெரிக்காவின் நேரெதிர் ஓரத்திலிருந்து வந்தவை. இறுதி ஆட்டம் மெய்ன் பல்கலைக்கழகத்துக்கும் நியூ ஹாம்ப்ஷையர் பல்கலைக்கழகத்துக்கும். இரண்டும் எல்லையைப் பங்கிட்டுக்கொள்ளும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். ஒரு காலை நேரத்தில் பஸ்ஸில் போய் ஆடிவிட்டு ராத்திரி திரும்பிவிடலாம். அவர்கள் கண்டம் முழுக்கப் பறந்து, பனைமரத்தடியில் இறங்கி, கூடுதல் நேரம் வரை போராடினார்கள். மெய்ன் 3-2. கடைசி நான்குக்கு ‘ஃப்ரோசன் ஃபோர்’ என்று அதிகாரபூர்வமாகப் பெயர் சூட்டியதும் அதே வருடம்தான். உறைந்த நால்வர் என்ற பெயரோடு கலிபோர்னிய வெயிலில் நிற்பதற்கும் மனத்திடம் வேண்டும்.

2010-ல் டெட்ராய்ட்டில் அமெரிக்கக் கால்பந்து அரங்கமான ஃபோர்ட் ஃபீல்டுக்குள் ஐஸ் போட்டார்கள். மிச்சிகன் மாநிலத்தில் ஹாக்கி டீமுக்குப் பஞ்சமில்லை என்ற நம்பிக்கை. நான்கு டீமும் வந்தன. ஒன்றுகூட மிச்சிகனிலிருந்து இல்லை. இருந்தாலும் இறுதி ஆட்டத்துக்கு 37,592 பேர் வந்தார்கள். பாஸ்டன் காலேஜ் விஸ்கான்சினை 5-0 என்று வென்றதை, பின்வரிசைக்காரர்கள் எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நடுவில் சூதாட்டப் பேச்சு ஒன்றும் உண்டு. பந்தயம் கட்டலாம் என்று சட்டம் உள்ள மாநிலத்துப் பக்கமே கல்லூரி விளையாட்டு போகாது என்று நெவாடாவை ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மற்ற மாநிலங்களும் பந்தயத்தை அனுமதித்துக்கொள்ளலாம் என்றது. 2019-ல் தடையை நீக்கினார்கள். 2020-லேயே 2026 ஃப்ரோசன் ஃபோர் அதே நெவாடாவின் லாஸ் வேகஸுக்கு என்று எழுதிக் கொடுத்தாயிற்று. கொள்கை உறுதியைக் கைவிட எடுத்துக்கொண்ட அவகாசம் பாராட்டத்தக்கது.

ஆனால் எல்லாத் தேர்விலும் விசித்திரமானது ஃபுளோரிடாவின் டாம்பா. 2012, 2016, 2023 என்று மூன்று முறை. வெளியே கடல், வெயில், அரைக்கால் சட்டை. விமர்சிக்கலாம் என்றால் ரசிகர்களே விடமாட்டேன் என்கிறார்கள். ஏப்ரலிலும் வாசலில் பனி வாரிக்கொண்டிருக்கும் மின்னசோட்டாக்காரரைப் போய் உங்கள் ஊரிலேயே நடத்தட்டுமா என்று கேட்டுப் பாருங்கள், பனி வாரும் மண்வெட்டியால் அடிப்பார். 2023 இறுதியில் அவர்கள் டீம் 2-0 என்று முன்னே இருந்தது. கனெக்டிகட்டின் குயினிபியாக், கடைசி மூன்று நிமிடத்துக்குள், கோல்கீப்பரையும் வெளியே இழுத்துவிட்டு ஆடி, 2-2 ஆக்கியது. கூடுதல் நேரம் தொடங்கியது. பத்தாவது வினாடியில் குயினிபியாக் கோல் போட்டது, முடிந்தது. கையில் பீரோடு இருக்கைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், எதற்கு ஆரவாரம் என்று பக்கத்து ஆளைக் கேட்டிருப்பார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மின்னசோட்டாக்காரர்களுக்குக் கடற்கரை இன்னும் பாக்கி இருந்தது.