தேக விசாரணை

1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை புதுச்சேரி வரை கிளை பரப்பிவிட்டபடியால், மரக்காணத்து உப்பளங்களின் வெண்ணொளியில் கூசிச் சலித்த கிளியனூர்க் கண்களுக்குப் புரை நீக்கிக்கொள்வது இன்று பெரிய காரியமல்ல; பின்னர் வந்து சேரும் சிநேகிதர்களின் ஆறுதலைத் தாங்குவதுதான் பெரிய காரியம்.

அப்படிப் புரை நீக்கிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாகத் திண்ணையில் சாய்ந்திருந்த கிளியனூர்ப் பெரியவர் ஒருவருக்குக் கடைவாய்ப் பற்களையும் பிடுங்கியாயிற்று என்று கேள்வியுற்ற நண்பர் குழாம், "ஒண்ணும் ஆவாது அண்ணே, தைரியமா இருங்க" என்று அபயமளித்து, யாரோ ஒருவருக்குக் கண்ணில் சீழ் வைத்த விருத்தாந்தத்தைச் சாங்கோபாங்கமாக வர்ணித்து, அன்பின் அடையாளமாகக் கைமுறுக்குப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்து, அதைத் தின்று தீர்க்கும் சிரமத்தையும் தானே ஏற்றுக்கொண்டது.

பல் பிடுங்கிய மறுநாள் முதல் வெந்நீரில் சிறிது உப்பிட்டுக் கொப்பளிக்குமாறு வைத்தியர் சொன்னது மெய்தான்; ஆயினும் உப்பளக் குத்தகைக்காரரான சிநேகிதர் அரைமூட்டைக் கல்லுப்பை அனுப்பிவைத்தது அன்பின் மிகுதியாலா, அல்லது பெரியவருடைய வாயைப் பற்றி அவர் நெடுநாளாகக் கொண்டிருந்த அபிப்பிராயத்தாலா என்பது விளங்கவில்லை.