ஓய்வு பெற்ற 33ஆம் பிரிவு ஐயாவுக்கு

பெறுநர்: 33ஆம் பிரிவு ஐயா அவர்கள், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம்.

அனுப்புநர்: கோயிலுக்குக் கீழே, பீலிக்கு மேலே, கொய்யா மரத்து லயம், தொங்கலிலிருந்து இரண்டாவது காம்பரா, அப்புத்தளை. வீட்டிலக்கம் கிடையாது.

மதிப்புக்குரிய ஐயா,

உங்களைத் துரை என்று கூப்பிடுவதா, கிளாக்கரையா என்று கூப்பிடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். முப்பத்தொரு வருஷம் சபை எங்கள் லயத்துப் பக்கம் வந்துவிடாமல் காவல் நின்றவருக்கு வாச்சர் என்ற பெயர்தான் பொருந்தும். ஆனாலும் வயதுக்கு மரியாதை வேண்டுமே. ஐயா என்றே வைத்துக்கொள்வோம்.

நான் டவுனில் ஒரு போட்டோகொப்பி மெஷின் வைத்துப் பிழைக்கிறவன். கொப்பி எடுக்க வருகிறவர்களைவிடக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். இந்த ஊருக்கு எங்கெங்கே வலிக்கிறது என்று டிஸ்பென்சரிக்குத் தெரிவதைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் ஒரு மலையின் முதுகில் குந்தியிருக்கிறது. ஒரு சரிவில் விழுகிற மழை உமா ஓயாவைப் பிடித்து மகாவலிக்குப் போகிறது. மறுசரிவில் விழுவது தெற்கே பள்ளத்து நாட்டுக்கு இறங்கிவிடுகிறது. எந்தப் பக்கம் போவது என்பதில் மழைத்துளிக்கு ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் எங்களுக்குத்தான். டவுனுக்குள் ஒரு கான் அடைத்துக்கொண்டால் நகர சபைக்கு ஒரு கடிதம், வேலை முடிந்தது. (கான் திறக்கிறதா என்பது வேறு விஷயம்.) அதே கான் லயத்துக்குப் பின்னால் அடைத்துக்கொண்டால் துரைக்கு ஒன்று, பிரதேச சபைக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று, கச்சேரிக்கு ஒன்று, யூனியன் தலைவருக்கு ஒன்று. எல்லோருக்கும் இணைப்பாக மற்ற நாலு பேருக்கும் போட்ட கடிதத்தின் கொப்பி. கணக்குப் பார்த்தால் என் வீட்டு அடுப்பு எரிவதே உங்கள் தயவில்தான். நன்றி சொல்லாமல் விட்டால் சாப்பாடு செரிக்காது என்றுதான் இந்தக் கடிதம்.

1987இல் பிரதேச சபைச் சட்டம் பிறந்தபோது நீங்களும் ஒட்டிப் பிறந்தீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி எங்களுக்கு விளங்கவைக்கப்பட்ட சட்டம் சுருக்கமானது. எங்கள் வோட்டு தோட்டத்துக் கேட்டைத் தாண்டி வெளியே போகலாம். சபையின் நோட்டு கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. ஏனென்றால் தோட்டம் தனியார் இடமாம். இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1992இல் மறுபடி கம்பனிகளின் கையில் கொடுத்தபோதும் நிர்வாகத்தைத்தான் கொடுத்தது, மண் அரசாங்கத்துடையதாகவே இருக்கிறது. ஆக, அரசாங்கத்தின் மண்ணில் அரசாங்கத்தின் காசை அரசாங்கத்தின் சபை செலவழித்துவிடாமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். இப்படி ஒரு சிக்கனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எங்கள் பெரியப்பா ஒரு தவணை சபை மெம்பராக இருந்தார். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றச் சபைகள் எங்களை ஏன் விட்டுவிட்டாய் என்று கோபித்துக்கொள்ளும். அவருக்கு விழுந்த வோட்டில் முக்கால்வாசி லயத்து வோட்டு. பதவியேற்ற முதல் மாதமே எங்கள் லயத்துப் படிக்கட்டுக்கு சிமெந்து கேட்டார். அது தோட்டம், சபைக்கு வராது என்று உங்கள் பெயரைச் சொன்னார்கள். பீலிக்குப் பைப் கேட்டார். மறுபடி உங்கள் பெயர். அப்புறம் நாலு வருஷமும் பக்கத்துக் கிராமத்துப் பாதைகளுக்குக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். கடைசி வருஷம் கிராமம் முடிந்து தேயிலை தொடங்குகிற எல்லையில், கடைசித் தேயிலைச் செடிக்கு ஒரு முழம் வெளியே, ஒரு தெரு விளக்குப் போட வைத்தார். விளக்கு கிராமத்தில் நின்றது. வெளிச்சத்துக்குச் சட்டம் தெரியாதே, பாதி தோட்டத்துக்குள் சிந்தியது. இருட்டில் மதகைத் தாண்டி வருகிற எங்கள் பெண்பிள்ளைகளுக்கு இருபது அடி தூரத்துக்குப் பாதை தெரிந்தது. அதற்கு எப்படிக் கணக்காய்வாளரிடமிருந்து ஓலை வராமல் போனது என்று பெரியப்பா சாகும்வரை ஆச்சரியப்பட்டார். தன் அரசியல் வாழ்க்கையின் சாதனை என்ன என்று கேட்டால் “இருபது அடி” என்பார்.

உங்கள் குலம் சாதாரணக் குலமும் இல்லை. உங்களுக்கு ஒரு மூத்தவர் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில், 1937இல், தோட்டத்து லயத்தில் குடியிருக்கிற தொழிலாளிக்குக் கிராமச் சபையில் வோட்டு இல்லை என்று எழுதிவைத்தவர் அவர். அவர் வோட்டையே தரவில்லை. நீங்கள் வோட்டை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தரவில்லை. ஐம்பது வருஷத்துக்குள் இவ்வளவு முன்னேற்றம் வந்திருப்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு பகடி பேச எனக்கு வாய் வரவில்லை. 2014 செப்டம்பர் 20ஆம் திகதி ஊவா மாகாண சபைத் தேர்தல். எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் அந்த மாதம் லயத்துக்கு வழி தெரிந்திருந்தது. அதற்கு நாற்பது நாள் ஆகுமுன், ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. எழுந்து போ என்று சொல்ல ஆள் இருந்தது. எங்கே போவது, யார் காணி தருவது, அது தோட்டத்தின் வேலையா, சபையின் வேலையா, அமைச்சின் வேலையா என்ற கேள்வி மட்டும் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது. அந்த வாரம் என் கடையில் கொப்பி எடுக்க வந்தவை எல்லாம் அடையாள அட்டைகள். அவ்வளவுதான் சொல்லலாம்.

2018இல் உங்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இனித் தோட்டத்துக்குள்ளும் பிரதேச சபை வேலை செய்ய முடியும் என்றார்கள். லயத்தில் பட்டாசு கொளுத்தினோம். “முடியாது” என்றிருந்தது “முடியும்” என்று மாறியதே பெரிய விஷயம். ஆனால் ஐயா, தமிழில் “முடியும்” என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. எங்கள் லயத்துப் பாதை வேலை முடியும் என்று அவர்கள் சொல்கிறார்கள். எப்போது முடியும் என்று நாங்கள் கேட்கிறோம். இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம், இன்னும் சந்திக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நீங்கள் போன கொஞ்ச காலத்தில் சபைகளும் போய்விட்டன. 2018இல் தெரிவான சபைகளின் காலம் நீட்டி நீட்டி 2023 மார்ச் 19இல் முடிந்தது. தேர்தல் மார்ச் 9 என்றார்கள், பிறகு ஏப்ரல் 25 என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வாக்குச்சீட்டு அச்சடிக்கக் காசில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கடனுக்குக் கொப்பி அடித்துக் கொடுத்திருப்பேன். மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஆட்கள் நடந்த அதே 2023இல், நாட்டில் அநேகமாக எந்தச் சபையிலும் ஒரு மெம்பரும் இல்லை. செயலாளர்மார் பார்த்துக்கொண்டார்கள். டவுனில் பெரிய கடை வைத்திருக்கிற முதலாளிமார்கூட என்னிடம் வந்து, “தம்பி, குப்பை லொறி வரல்லை, யாருக்கு எழுதுறது?” என்று கேட்டார்கள். நான் லயத்துக்காரர்களுக்கு எழுதுகிற அதே கடிதத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். உங்கள் ஆட்சியின் ருசி டவுனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. நாடே ஒரு பெரிய தோட்டமானது ஐயா, இரண்டு வருஷத்துக்கு. 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தேர்தலை வைக்காமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று சொன்ன பிறகு, 2025 மே 6இல் ஒருவழியாக வோட்டுப் போட்டோம்.

மாகாண சபை இன்னும் வரவில்லை. 2014இல் போட்ட அந்த வோட்டுக்கு 2019இல் ஆயுசு முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று 2017இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்காக எல்லை பிரித்த அறிக்கை 2018இல் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதை ஆதரித்து ஒரு வோட்டுக்கூட விழவில்லை. 2019இலிருந்து பதுளையில் மாகாண சபை ஆசனங்களுக்குத் தூசு தட்டுகிறார்கள். எங்கள் பக்கம் ஆள் அமர்ந்திருக்கிற ஒரே ஆசனம் தம்பேத்தன்ன மலை உச்சியில் இருக்கிற லிப்டன் ஆசனம்தான். துரை அங்கே சிலையாக உட்கார்ந்துகொண்டு தன் தேயிலையைப் பார்க்கிறார். 1890இல் இந்த மலைகளை வாங்க வந்தவர். தேர்தல் இல்லை, தவணை இல்லை, ஒத்திவைப்பும் இல்லை. விடியற்காலையில் திரீவீல் பிடித்து வெளிநாட்டுக்காரர்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். மலை ஏறுகிற வழியில் கொழுந்துக் கூடையோடு போகிறவர்கள் எந்த வட்டாரத்து வாக்காளர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் லயத்து அக்கா ஒருவருக்கு மதகு வேலைக்கான கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு சபைக் கவுண்டருக்குக் கொண்டுபோயிருக்கிறார். எந்தச் சபை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். உள்ளே இருந்தவர் கடிதத்தை முழுக்கப் படிக்கவில்லை, விலாசத்தை மட்டும் பார்த்துவிட்டு, “தோட்டமா? தோட்டம் எங்களுக்கு வராதும்மா” என்று திருப்பித் தந்திருக்கிறார். நீங்கள் ஓய்வு பெற்று ஏழு வருஷத்துக்கு மேலாகிறது, உங்கள் கதிரையில் உங்கள் ஆவி உட்கார்ந்து சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறது. “அந்தச் சட்டம் செத்துப்போச்சுங்க” என்று அக்கா சொன்னாராம். “அதுக்கு சேர்ட்டிபிகேட் இருக்கா?” என்று கேட்டாராம் அவர்.

அதனால்தான் ஐயா, உங்களிடமே கேட்கிறேன். உங்கள் மரணச் சான்றிதழின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி ஒன்று வேண்டும். கிராம சேவகரிடம் கேட்டுப் பார்த்தேன். இறந்தவரின் நிரந்தர விலாசம் எழுதாமல் பதிய முடியாதாம். உங்களுக்கும் விலாசம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் பாசமாகக்கூட இருந்தது.

பதிலை லயத்துக்குப் போட வேண்டாம். அது தோட்டத்து ஆபீசுக்குப் போய், கிளாக்கர் கையிலிருந்து கணக்கப்பிள்ளை கைக்கு வந்து, பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். டவுன் கடைக்கே போடுங்கள். என் மெஷின் இருக்கிற இடத்துக்கு முறையான இலக்கம் இருக்கிறது. ஒரு பிரதி அனுப்பினால் போதும். எத்தனை கவுண்டர் இருக்கிறதோ அத்தனைக்கும் நானே அடித்துக்கொள்கிறேன், அன்றைக்குக் கரண்ட் மட்டும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கொய்யா மரத்து லயத்திலிருந்து,
உங்கள் வாடிக்கையாளன்