வழுக்கையாற்றுப் பள்ளத்தாக்கில் தனிச் சைக்கிளோட்டம்: ஒரு முறையான ஆய்வு

1. வரைவிலக்கணம்

மலையாற்றுப் பள்ளத்தாக்கு வழியே ஒருவர் தனியாகச் சைக்கிளில் ஒரு நாள் போய்வருவதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டும்: மலை, பள்ளத்தாக்கு, ஆறு, சைக்கிள், தனிமை. நாள் தானாகவே விடிவதால் அது உறுப்பாகக் கொள்ளப்படுவதில்லை. காங்கேசன்துறைப் பகுதியில் இவற்றுள் ஐயத்துக்கு இடமின்றிக் கிடைப்பது சைக்கிள் ஒன்றே. ஏனைய நான்கும் நிறுவப்பட வேண்டியவை. கண்ணால் கண்டதற்கு ஆய்வு எதற்கு?

2. மலை

காங்கேசன்துறைக்கு மேற்கே, கடலோரமாக, கீரிமலை இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் படுத்திருக்கும் தட்டை நிலம். அதன் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 15 மீற்றருக்குள் அடங்கிவிடும். ஆகவே கீரிமலையில் ஏறியவர்கள் தாம் ஏறியதை அறிந்தார்களில்லை (தேத்தண்ணிக்கடை வாங்கு மரபு, முதலாம் பிளேன்ரீ).

மலையின் உச்சியில் நகுலேஸ்வரமும் அடிவாரத்தில் கேணியும் உள்ளன. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரு சுருட்டு அணைவதற்குள் நடந்துவிடலாம். கீரி முகம் கொண்ட நகுல முனிவருக்கும், குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்கும் இங்கே நீராடி முகம் திருந்தியது என்பது ஐதீகம். சைக்கிளில் வந்து சேர்பவரின் முகமும் கேணியில் இறங்கியபின் திருந்துவதை எவரும் நேரில் காணலாம். கேணியின் மதிலுக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் நன்னீர். உள்நாட்டில் பெய்த மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியால் வந்து கரையில் ஊற்றெடுக்கிறது. பெடியள் மதிலிலிருந்து குதிப்பது நன்னீர்ப் பக்கமே.

1990 இல் மக்கள் இடம்பெயர்ந்தபின் இப்பகுதி நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க அக்காலத்தில் வழியில்லை. ஆய்வாளர்கள் பலருக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

3. பள்ளத்தாக்கு

1950 முதல் 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை கல்லகழ்ந்த கிடங்குகள் நீங்கலாக, இல்லை.

4. ஆறு

குடாநாட்டின் ஒரே ஆறு வழுக்கையாறு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை வழியாக ஏறத்தாழ 16 கிலோமீற்றர் சென்று, அராலியில் கடனீரேரியைச் சேர்கிறது. தொண்டைமானாறு, உப்பாறு என்று பெயரில் ஆறு தாங்கியவை வேறும் உண்டு. அவை கடலின் கைகள். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டுவதால் ஆறும் அப்போதுதான் ஆறாகிறது. மற்றைய மாதங்களில் அது வயல்களுக்கு நடுவே ஒரு தாழ்வு, சில மதகுகள், மேயும் மாடுகள்.

இதனால் வழுக்கையாற்று அறிஞர் இரு வகைப்படுவர்: ஆற்றைக் கண்டவர், ஆற்றைப் பற்றிப் படித்தவர். பின்னவரே மிகுதி. ஆற்றைக் காண மார்கழி வரை காத்திருக்க வேண்டும். படித்தவரை மேற்கோள் காட்ட எந்த மாதமும் போதும்.

5. சைக்கிள்

அரசாங்கக் கடதாசிகளில் துவிச்சக்கரவண்டி. மற்ற எல்லா இடங்களிலும் சைக்கிள். பார், கரியர், மக்காட், டைனமோ ஆகியவை உள்ளது முழுச் சைக்கிள். கியர் உள்ளது வெளிநாட்டிலிருந்து வந்த மருமகனுடையது. 1990 களின் பொருளாதாரத் தடையில் எரிபொருள் நின்றபோது விறகு, நெல்லு, நோயாளி, மணப்பெண் எல்லாமே இதன் மேல்தான் போயின. மின்சாரமும் இல்லாத அந்நாளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஓரடியும் நகராமல் உலகம் முழுவதும் போய்வந்த சைக்கிள் பயணம் அது ஒன்றே.

பயணத்துக்கு முன் வால்கட்டையில் எச்சில் தொட்டுக் காற்றுப் போகிறதா என்று பார்க்க வேண்டும். போனால் ஒட்டுக்கடைக்குப் போக வேண்டும்.

6. தனிமை

தனியாகப் புறப்படலாம், தனியாகப் போக முடியாது. மாவிட்டபுரத்துக்கும் அளவெட்டிக்கும் இடையில் எங்கேனும் ஓரிடத்தில், பின்னால் வந்த சைக்கிள் ஒன்று வேகம் குறைத்துப் பக்கத்தில் சேரும். அதன்பின் நிகழ்வது மாறாத வாய்பாடு:

"தம்பி, எவடத்துக்கு வெளிக்கிட்டாச்சு?"

"சும்மா, ஐயா. ஆத்துக்கரையாலை அராலி மட்டும்."

"ஆறோ? அதிலை இப்ப தண்ணியில்லையே. அராலியிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்குப் போறீர்? நீர் ஆற்றை பெடியன்?"

கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்ததும், ஐயாவுக்கும் பயணிக்கும் பொதுவான ஓர் உறவினர் ஒரு கிலோமீற்றருக்குள் கண்டுபிடிக்கப்படுவார். ஆகவே தனிமை என்பது இரண்டு ஐயாமாருக்கு இடைப்பட்ட தூரம் என வரையறுக்கப்படுகிறது.

7. காற்று

முன்னைய ஆய்வுகள் அனைத்தும் மலையை நிலத்தில் தேடியதால் வழுக்கின. குடாநாட்டில் மலை நிற்பது காற்றில்.

இதை நிறுவுவது எளிது. சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு, நிமிர்ந்திருந்து, மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவரை மணிக்கு 15 கிலோமீற்றர் காற்று எதிர்த்தால், அவர் நெஞ்சில் படுவது 30. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். எனவே காற்றில்லாத நாளைவிட நான்கு மடங்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று கொண்டால், இந்த மேலதிக உழைப்பு 100 மீற்றருக்கு 2.4 மீற்றர் உயரும் ஏற்றத்துக்குச் சமம். 16 கிலோமீற்றர் ஆற்றங்கரை முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 380 மீற்றர். குடாநாட்டுக்கு மலை கிடைத்தது.

இம்மலை பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும்போது சிகரம் அராலியில், கீரிமலை அடிவாரம். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை இறங்கும்போது சிகரம் கீரிமலைக்குத் திரும்பிவிடும். கச்சானும் கொண்டலும் குறுக்கே வீசி மலையை வீதியோரத்தில் வைப்பதால், பயணி ஏறுவதற்குப் பதிலாகக் காணுக்குள் இறங்குகிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழுந்தது. சோளகத்தில் அராலி சிகரமாயின், அராலியை நோக்கி ஓடும் வழுக்கையாறு மேட்டில் ஏறுகிறதா? இது இயற்கை விதிக்கு முரண் என்றது ஒரு கட்சி (மதவடி, மாலை அமர்வு, வடக்குப் பக்கம் இருந்தவர்). சோளகத்தில் ஆற்றில் தண்ணீரே இல்லை, இல்லாத தண்ணீர் எந்த மேட்டிலும் ஏறலாம் என்றது மறு கட்சி (மேற்படி, தெற்குப் பக்கம் இருந்தவர், நடுவில் இருந்தவர் நித்திரை). இரண்டாம் கட்சியே வென்றது. ஏனெனில் வாடைக் காலத்தில், ஆற்றில் தண்ணீர் வரும் அதே மாதங்களில், சிகரம் கீரிமலைப் பக்கம் மாறி, ஆறு முறைப்படி இறக்கத்தில் ஓடுகிறது. இத்துணை ஒழுங்கான மலை வேறு நாடுகளில் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்த சிக்கல், மலையின் உயரம் உடுப்பைப் பொறுத்தது என்பது. மேலிரண்டு பொத்தான்களைத் திறந்தால் சட்டை முதுகில் புடைத்து மலை உயர்கிறது. சாரத்துடன் ஓட்டுபவருக்கு மேலும் உயரம். மடித்துக் கட்டினால் தாழ்கிறது. காற்று சாரத்தைப் பறித்தால் மலை மறைந்து வேறு பிரச்சினை தொடங்குகிறது. குடை விரித்தவரின் மலை இன்னும் அளக்கப்படவில்லை: அளக்கப் போனவர் மழைக்கு ஒதுங்கினார், ஒதுங்கிய இடத்தில் தாயக்கட்டை உருண்டது, அடுத்த மழைக்கும் அங்கேயே இருந்தார் (வாங்கு மரபு, மூன்றாம் பிளேன்ரீ, கடைக்காரரின் கடன் கொப்பியில் இதே நாளுக்கு நாலாம் பிளேன்ரீயும் பதிவாகியிருப்பதால் பாடபேதம் உண்டு, கொப்பியின் அப்பக்கத்தில் வடை சுற்றப்பட்டுவிட்டதால் மூலத்தை ஒப்புநோக்க இயலாது, வடையை வாங்கியவர் தாம் எழுத்தைத் தின்னவில்லை என்கிறார்).

இலங்கையின் அதியுயர் சிகரமான பிதுருதலாகலை 2524 மீற்றர். எதிர்க்காற்றில் ஆற்றங்கரையை ஏழு தரம் ஓடி முடித்தவர் அதைக் கடந்தவராவார். ஒவ்வொரு தரமும் காற்றோடு திரும்பினால் ஏறியது இறக்கத்தில் கழிந்துவிடும். ஆகவே திரும்பும்போது சைக்கிளை லொறியில் ஏற்றவேண்டும். லொறிக்காரர் காரணம் கேட்பார். அவருக்கு இக்கட்டுரையைக் காட்டலாம்.

8. வழியும் நிறுத்தங்களும்

கீரிமலையில் குளிப்பு. மாவிட்டபுரத்தில் கந்தசுவாமிக்குக் கும்பிடு. தெல்லிப்பழையில் தேத்தண்ணி. அளவெட்டியில் ஆற்றைத் தேடல். சண்டிலிப்பாயில் ஆற்றைக் கண்டு, அதுதானா என்று கேட்டறிதல்.

கந்தரோடையில் பனைகளுக்கிடையே கவிழ்த்து வைத்த கிண்ணங்களாகச் சிறு தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. பார்க்கத்தக்கவை, ஆனால் காலை ஊன்றி நிற்கலாகாது. நின்றவரிடம் எவரேனும் வந்து அவை யாருடையவை என்று தொடங்குவார். முதலியார் இராசநாயகம் 1926 இல் வெளியிட்ட நூலில் கதிரமலை என்னும் பழைய தலைநகர் இதுவே என்றார். அன்று தொடங்கிய வழக்கு இன்றும் தவணையில் இருக்கிறது. தூபிகளைக் கட்டியவர்கள் செலவிட்ட காலத்தைவிட உரிமை கோரியவர்கள் செலவிட்ட காலம் கூடிவிட்டதோ என்பது தனி ஆய்வுக்குரியது. கதிரமலையிலும் மலை இல்லை.

9. நாள்

16 கிலோமீற்றரை மணிக்கு 12 வீதம் ஓடினால் ஒரு மணி 20 நிமிடத்தில் ஆறு முடிந்துவிடும். விளக்கம் கேட்கும் ஐயாமார், கேணி, பிளேன்ரீ, ஒட்டுக்கடை ஆகியவற்றால் இது காலையிலிருந்து பொழுதுபடும் வரை நீள்கிறது. ஒட்டுக்கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தால் இரண்டாம் நாளும் வேண்டியிருக்கும்.

10. எல்லை

அராலியில் உவர்நீர் வயலுக்குள் ஏறாமல் மறிக்கும் தடுப்பணையோடு ஆறு முடிகிறது. அதற்கு அப்பால் கடனீரேரி, சைக்கிள் போகாது.